மிச்சக்காவும் தைலத்தழையும்

மிச்சக்கா என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் என்னை அண்ணா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். அபுதாபிப் பக்கம் அல் ஐனில் நாங்கள் வேலை பார்த்த விலங்குப் பூங்காவில் எல்லோருக்கும் அவள் மிச்சக்காதான். தோட்டத்தில் வேலை பார்த்த பெங்காலிக்காரர்கள் அதுவே அவளுடைய சொந்தப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்-பாஸ் பேப்பரிலும் அப்படியே எழுதிக் கொடுக்க, அன்றைக்கு அவளை வாசலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது கேன்டீனில். ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று அவள் பார்க்க மாட்டாள். என்ன மிச்சம் வைத்தார் என்றுதான் பார்ப்பாள். தட்டைக் கழுவப் போகும் வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள், சுங்கச்சாவடி மாதிரி. தஞ்சாவூர்க்காரத் தச்சர் ஒருத்தர் ரொட்டியின் நடுவை மட்டும் தின்றுவிட்டு ஓரத்தை எல்லாம் வைத்திருந்தார். இடது கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னாள். அவர் அதுவரை பல்வலியை யாரிடமும் சொல்லியிருக்கவே இல்லை. என் தட்டில் ஒரு நாள் பொரித்த மீன் கிடந்தது. "வீட்டுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசுங்க" என்று மட்டும் சொன்னாள். முந்தின நாள்தான் என் மனைவியிடம் காதில் ரத்தம் வருகிற அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பயந்துபோய் நாங்கள் தட்டின் மேல் டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடிக்கொண்டு போக ஆரம்பித்தோம். அவள் பேப்பரைத் தூக்கிப் பார்ப்பாள்.

"கேட்டா மனுசன் பொய் சொல்லுவான், அண்ணா. மிச்சத்துக்கு வாய் இல்ல, பொய் சொல்லத் தெரியாது" என்பாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவளே ஒரு மிச்சம் வைப்பாள். தினமும் மதியம் டிபன் பாக்ஸில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து, குழம்பில் கிடக்கிற கறிவேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கி, மூடியின் ஒரு மூலையில் அடுக்கிவைத்துவிடுவாள். ஊரார் மிச்சத்தைப் பார்க்கிறாயே, உன் மிச்சத்தைப் பார் என்று கேலி செய்தால், அது மிச்சம் இல்லை, கறிவேப்பிலை என்று பதில் வரும். நம் ஊரில் அது தனி ஜாதிதானே. யாரும் அதற்கு மேல் வாதாட முடியாது.

அவளுக்குக் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஷார்ஜாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நர்ஸுக்கு உதவியாளராக இருந்தாள். யார் எத்தனை வாய் சாப்பிட்டார்கள் என்று எழுதிவைப்பது அங்கே அவள் வேலை. அங்கே பிடித்த பழக்கமா, இல்லை பிறவியிலேயே அப்படியா என்று எனக்குத் தெரியாது. பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி தயார் செய்யும் சமையற்கட்டு அவள் பொறுப்பு. காலையில் கூண்டுகளிலிருந்து திரும்பி வருகிற தட்டுகளை எடை போட்டு, எது எதை விட்டது என்று ஒரு நீல நோட்டில் எழுதுவாள்.

அவளுடைய மகள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தாள். வீடியோவில் பேசும்போது எல்லாத் தாயும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இவள், "தட்டக் காட்டு மக்கா" என்பாள். அந்தப் பிள்ளையும் லேசுப்பட்டது இல்லை. ஒரு நாள் வெறும் தட்டைக் காட்டியது. இவள் போனைக் கீழே திருப்பச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் பூனை உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. இப்போது மிச்சக்கா ஊரோடு போய்விட்டாள். நான் எப்போதாவது கூப்பிட்டு இங்கே எல்லாம் நலம் என்றால் நம்புவதில்லை, "கொம்பக் காட்டுங்க அண்ணா" என்கிறாள். நானும் போனை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு ஓடுகிறேன். எந்தக் கொம்பு என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

ஒரு நாள் மீட்டிங்கில் சூப்பர்வைசர் அடுத்த மாதம் கோலா வருகிறது என்றார். நான் வேன் டிரைவர். குடிக்கிற கோலா என்று நினைத்து, எத்தனை பெட்டி, குளிர் வேன் வேண்டுமா என்று கேட்டேன். காரைக்குடிச் சமையல்காரர் கோலா உருண்டைக்கு இங்கே நல்ல கறி கிடைக்காது என்று கையை விரித்தார். மிச்சக்காவுக்குக் கோலா என்றால் கடலில் துள்ளிப் பறக்கிற மீன். அதை எப்படி உயிரோடு தொட்டியில் வைப்பது, பறந்துவிடாதா என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில், கறுப்பு மூக்கோடு, மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பை, பைக்குள் பிள்ளை வளர்க்கிற ஜாதி, ஆஸ்திரேலியாவில் மரத்திலேயே குடியிருப்பது என்றார். அது தின்பது தைல மரத்து இலையை மட்டும்தான் என்றும் சொன்னார்.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நான் புதுக்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் பஸ்ஸில் போனால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தைலமரக் காடுதான். நிலத்துத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சுகிறது என்று அதைத் திட்டுவோம், அதையே வெட்டிப் பிழைப்போம். இங்கே வருவதற்கு முன்னால் பல வருஷம் தைலமரம் வெட்டி லோடு ஏற்றினவன் நான். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற தழை அது. அதை ஒரு பிராணி ஆசையாகத் தின்கிறது, அதுவும் நான் இருக்கிற இடத்துக்கே பிளேன் ஏறி வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? மீட்டிங்கிலேயே எழுந்து நின்று, தழைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஆணும் பெண்ணுமாக இரண்டு வந்தன. குளிரூட்டிய கண்ணாடி வீடு கட்டி வைத்திருந்தார்கள். நாளில் முக்கால்வாசி தூக்கம். இப்படி ஒரு ட்யூட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நாங்கள் தங்கியிருந்த கேம்ப் முழுக்கப் பொறாமை. வந்த சில மாதத்தில் லாகூர்க்கார டாக்டர் பெண்ணின் வயிற்றுப் பையை விரலால் தொட்டுப் பார்த்து, உள்ளே குட்டி இருக்கிறது என்றார். பிறக்கும்போது மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்குமாம், கண்ணும் தெரியாமல் தானாகவே ஏறிப் பைக்குள் போய்ப் பாலைக் கவ்விக்கொள்ளுமாம். மிச்சக்கா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு யூனிபாரத்தின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கோலாவுக்குப் பிள்ளைத்தாய்ச்சி என்று பெயர். டாக்டரும் கஷ்டப்பட்டு அதைச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

முதலில் தழை பெட்டி பெட்டியாகப் பிளேனில் வந்தது. வெயில் காலத்தில் பெட்டிகள் வருவது தடுமாறியது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் காற்றுத் தடுப்புக்காக இரண்டு வரிசை தைலமரம் நின்றது. இரண்டும் ஒரே ரகம், கோலா தின்கிற ரகம்தான் என்று பார்த்து உறுதி செய்துவிட்டு, இனி அங்கே வெட்டலாம் என்றார்கள். ஒரு வரிசை தண்ணீர் மோட்டார் ஓரம். இன்னொன்று ஒட்டகக் கொட்டகைக்குப் பின்னால், கொட்டகையைக் கழுவிவிடுகிற தண்ணீர் போய்ச் சேர்கிற இடம். அங்கே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் தழை பொறுக்கின அழகைச் சொல்ல வேண்டும். விடிகிற நேரத்தில் போய், ஒவ்வொரு மரமாக இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்ப்பேன். வாசம் மண்டைக்கு ஏறினால் முதல் தரம். எங்கள் ஊரில் தைலம் காய்ச்சுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதிலும் இளங்கொழுந்தாகப் பார்த்து வெட்டுவேன். முற்றலைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதா? ஒட்டகக் கொட்டகைப் பக்கம் ஒரு மரத்தை எவ்வளவு கசக்கினாலும் மணமே இல்லை. அதற்கு நான் மலட்டு மரம் என்று பெயர் வைத்து, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

பெட்டிகள் அடியோடு நின்ற மூன்றாவது வாரம் பிள்ளைத்தாய்ச்சி தழையைத் தொடுவதை நிறுத்தியது. கிளைக்குக் கிட்ட வரும், மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆண் கோலா ஏதோ கொஞ்சம் கடித்துச் சமாளித்தது. இதுவோ தனக்கும் தின்ன வேண்டும், பாலுக்கும் தின்ன வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் பல்லைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சாணியைச் சோதித்தார். நோய் எதுவும் அகப்படவில்லை. திங்கட்கிழமை அவர் எங்களைக் கூப்பிட்டு, வியாழன் காலைக்குள் தின்னாவிட்டால் மயக்கம் கொடுத்துக் குழாய் போட வேண்டும், அதைத் தாய் தாங்கினாலும் பையில் இருக்கிற குட்டி தாங்குமா என்பது சந்தேகம் என்றார்.

மிச்சக்கா அன்றைக்கு யாருடைய தட்டையும் பார்க்கவில்லை. கேன்டீனில் டிஷ்யூ போடாமலே எல்லோரும் தட்டைக் கழுவினோம், அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. நான்தான் அவள் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். அவளோடு இருந்து எனக்கும் அந்தப் புத்தி தொற்றியிருந்தது. சோறு அள்ளின தடமே இல்லாமல் பாக்ஸ் அப்படியே மூடிக் கிடந்தது.

சாயங்காலம் சமையற்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். எவர்சில்வர் மேஜை முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சி விட்ட தழையைப் பரப்பியிருந்தாள். பக்கத்தில் நீல நோட்டு.

"அண்ணா, போன வாரம் காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு போட்டியளே, அன்னைக்குத் தழை யாரு வெட்டுனா?"

தோட்டத்துப் பெங்காலிக்காரர், சரியான சோம்பேறி என்றேன். ஒட்டகக் கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தி அங்கேயே வெட்டிப்போட்டுக்கொண்டு வந்திருப்பார், வாசம் பார்க்கத் தெரியாத ஆள் என்று சொன்னேன். அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"அந்த ரெண்டு நாளுந்தான் அவ தின்னிருக்கா."

எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய், தைலமரத்தோடேயே பிறந்து வளர்ந்தவன் நான், நோட்டைப் பார்த்து எனக்குத் தழை சொல்லித்தருகிறாயா என்று கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் சொல்லல அண்ணா. மிச்சம் சொல்லுது."

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். ரூமுக்கு வந்து படுத்த பிறகு ஒரு விஷயம் முள்ளாகக் குத்தியது. எங்கள் ஊர் ஆடு அந்தத் தழையை எதற்காக விடுகிறது? அந்த வாசத்துக்காகத்தானே. ஆடு வேண்டாம் என்கிற வாசத்தைத் தேடித் தேடி நான் இந்த வாயில்லாத ஜீவனுக்கு ஊட்டியிருக்கிறேன். தைலம் காய்ச்சுகிறவனுக்குப் பொறுக்குகிற தழையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பொறுக்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் வேனை எடுத்தபோது மிச்சக்கா ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் நேற்றைய சண்டையைப் பற்றிப் பேசவில்லை. அவள் மடியில் ஒரு பாக்கெட் கலர் ரப்பர் பேண்ட் இருந்தது, மகளுக்குத் தலைமுடி கட்டுவதற்கு வாங்கி வைத்திருந்தது. பன்னிரண்டு கலர். பன்னிரண்டு மரத்தில் வெட்டலாம், ஒரு மரத்துக் கட்டுக்கு ஒரு கலர் என்றாள். மோட்டார் ஓரத்தில் ஆறு மரம் நான் காட்டினேன், எல்லாம் என் முதல் தர மரங்கள். ஒட்டகப் பக்கம் ஆறு மரம் அவள் காட்டினாள். சாணித் தண்ணீரில் செருப்போடு இறங்கி நின்றாள். கொழுந்தாக மட்டும் வெட்டாமல் எல்லா வயது இலையும் வருகிற மாதிரி கிளையோடு வெட்டச் சொன்னாள். அந்த ஆறில் கடைசியாக மலட்டு மரத்துக்கு முன்னால் நின்றோம். அது வேண்டாம் என்றேன். மஞ்சள் பேண்டை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் எங்கள் பன்னிரண்டு கலர் கட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். நோய் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நீங்கள் வேறு எங்கோ தேடுகிறீர்கள் என்றார். மிச்சக்கா தன் ஓட்டை இந்தியில் பதில் சொன்னாள்: "பீமாரி இஸ்கா நஹி, டாக்டர் சாப். பத்தா கா." பத்தா என்றால் எனக்கு ரியாத்தில் அந்தப் பெயருள்ள கடைத்தெருதான் தெரியும். இந்தியில் இலைக்கு அதுதான் பெயர் என்று பிறகு சொன்னாள். நோய் இதற்கு இல்லை, இலைக்கு என்றிருக்கிறாள். டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சரி, ஆணை வேறு அறைக்கு மாற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள் என்றார்.

புதன்கிழமை காலை கண்ணாடி வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும் போனோம்.  சிவப்பு அப்படியே இருந்தது. நீலம் அப்படியே. பச்சையில் நாலு இலை போயிருந்தது. அந்த நாலைத் தவிர என் முதல் தர மரம் ஆறும் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி வாடாமல் தொங்கின. ஒட்டகப் பக்கத்துக் கட்டுகளில் இரண்டு பாதி காலி. மூலைக்குப் போன மிச்சக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

மஞ்சள் பேண்ட் மட்டும் இருந்தது. உள்ளே மொட்டைக் கொம்புகள். ஒரு இலை இல்லை. கிளையின் பட்டையைக்கூடக் கொஞ்சம் கடித்திருந்தது. மேலே பிள்ளைத்தாய்ச்சி வயிறு உப்பத் தூங்கியது, பை ஒரு தடவை உள்ளிருந்து அசைந்தது. டாக்டர் என் முதுகில் அறைந்த அறையில் எனக்கு இருமல் வந்தது. யல்லா பாய், ஜல்தி, அந்த மரத்துக்கு ஓடு என்றார். நான் வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். மலட்டு மரத்தின் அடியில் போய் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கையெடுத்துக் கும்பிட்டேன்.

வியாழக்கிழமை குழாய் போடவில்லை. பிறகு டாக்டர் இரண்டு வரிசைத் தழையையும் லேபுக்கு அனுப்பி வந்த விவரத்தைச் சொன்னார். ஒரே ரகமாக இருந்தாலும் மரத்துக்கு மரம் இலையின் சரக்கு வேறாம், ஒரே தாய் பெற்ற பிள்ளைகளுக்குக் குணம் வேறாக இருப்பது போல. சில மரம் தன்னைத் தின்ன வருவதைத் துரத்த, குமட்ட வைக்கிற ஒரு சரக்கை இலையில் வைத்திருக்கும். தைல வாசம் தூக்கலாக இருக்கிற இலையில் பெரும்பாலும் அதுவும் தூக்கல், அந்த வாசத்தை வைத்தே கோலா ஒதுங்கிவிடும். துவர்ப்பு கூடுதலானால் இலையில் இருக்கிற புரதத்தை அது கட்டிப்போட்டுவிடும், தின்றாலும் உடம்பில் ஒட்டாது. மலட்டு மரம் ஒட்டகச் சாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது, புரதம் அதிகம், குமட்டலும் துவர்ப்பும் குறைவு. இலையில் நல்ல ஈரமும் இருந்தது. கோலா தனியாகத் தண்ணீர் குடிப்பது அபூர்வம், இந்த வெயில் ஊரில் அதற்கு இலைதான் தண்ணீர்ப்பானை. இத்தனையையும் அந்தத் தூங்குமூஞ்சி மூக்கை வைத்தே கண்டுபிடிக்கிறது. என்னுடைய மூக்கை நான் அதன்பிறகு மீன் வாங்குவதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

மிச்சக்கா அதைக் கேட்டுவிட்டு, "சத்து இருக்கது வேற, சத்து சேருது வேற. நம்ம கேன்டீன் சாம்பார் மாதிரி" என்றாள். காரைக்குடிச் சமையல்காரர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் புதன்கிழமை மதியம். தோட்டத்துக்குப் போய் மஞ்சள் பேண்டுக் கட்டு இரண்டு கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். மிச்சக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பட்டினியை ஒரே வேளையில் தீர்க்கிற சாப்பாடு. ஒரு கையில் போனில் மகளிடம் பேச்சு, குட்டி அசைந்த கதை, கொம்பு மொட்டையாக நின்ற கதை. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள், மகள் காட்டுகிற மாதிரி. ஒரு பருக்கை இல்லை, குழம்பை விரலால் வழித்து எடுத்திருந்தாள்.

நான் பாக்ஸைப் பார்த்தேன். பிறகு மூடியைப் பார்த்தேன். மூலை சுத்தமாக இருந்தது.

"அக்கா, கறிவேப்பிலை எங்கே?"

அவள் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"தின்னுட்டேன் போல அண்ணா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பில் அழுகையும் வந்துவிட்டது. மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.